அவர் வாயாலேயே

மூன்றாவது பிரசவம் நாங்கள் பஹ்ரைனில் ஈசா டவுனுக்கு வந்த பிறகு நடந்தது. நாற்பது நாள் கழித்துக் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. ஏதோ ஒன்று கீழே இறங்கி நின்றது. தும்மினால் சிறுநீர் கசிந்தது, குழந்தையைத் தூக்கினால் புடவை நனைந்தது. எழுபதுகளில் இதை யாரிடம் போய்ச் சொல்வது? கணவரிடம் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

அவர் வேலை பார்த்த கம்பெனியின் டாக்டரிடம் அழைத்துப்போனார். மேஜை முன் நாற்காலியில் கணவன், பின்னால் ஸ்டூலில் நோயாளி. நம் ஆட்கள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். கேள்வியும் பதிலும் ஆண்கள் இருவருக்குள்ளேயே முடிந்துவிடும். நான் தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். இங்கிலீஷ் பேசத்தான் வராது, காதில் விழுவது புரியும். என் கணவர் 'வீக்னெஸ்' என்றார், 'பேக் பெயின்' என்றார். அதற்குமேல் வாய் திறக்கவில்லை. டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார்.

"அதெல்லாம் எப்படிடி ஒரு ஆம்பளைகிட்ட சொல்றது?" என்று காரில் கேட்டார். எனக்கும் கூச்சம்தான், முதல் தடவை விட்டுவிட்டேன். ஆனால் மூன்று வருஷத்தில் ஐந்து தடவை போனோம், ஐந்து தடவையும் அதே டானிக். இதற்கிடையே அவர் படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டார். நண்பர்கள் வீட்டுக்குப் பிள்ளைகளை மட்டும் கூட்டிப்போனார். ஒருநாள் நான் உட்கார்ந்து எழுந்த சோபாவைப் பிள்ளைகள் முன்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு துடைத்தார். அன்றோடு என் கூச்சம் போயிற்று. இந்த மனுஷனைத் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு மலையாள நர்ஸ் இருந்தார். ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவில் வேலை. கோயம்புத்தூரில் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஒரு மத்தியானம் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை.

"உங்களுக்கு மட்டும் வந்ததில்ல சேச்சி. எங்ககிட்ட தினமும் வராங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அழுதேன்.

மறுநாளே என்னை அழைத்துப்போனார். எகிப்துக்கார லேடி டாக்டர் பரிசோதித்துவிட்டு, கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்றார். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் உடற்பயிற்சியும் ரப்பர் வளையமும் போதுமாக இருந்திருக்குமாம். இனி ஆபரேஷன்தான், கணவர் கையெழுத்துப் போட வேண்டும்.

கணவர் வர வேண்டும் என்றதும் எனக்குள் ஒரு யோசனை ஓடியது. அவர் வரும் அன்றைக்கு என் தமிழை டாக்டருக்கு இங்கிலீஷாக்கிச் சொல்ல வேண்டாம் என்றும், கணவர் மாற்றிச் சொன்னால் மட்டும் திருத்தும்படியும் நர்ஸிடம் கேட்டுக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

என் கணவர் வழக்கம்போல முன் நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் என்னைப் பார்த்து, ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டார். இவர் 'வீக்னெஸ்' என்று ஆரம்பித்தார். நான் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினேன்.

"நான் சொல்றேன், நீங்க அப்படியே இங்கிலீஷ்ல சொல்லுங்க. முதல் நாளே இவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். மூணு வருஷமா டாக்டர்கிட்ட முதுகு வலின்னு பொய் சொன்னது இவர்தான்."

அவர் என்னைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார். உதவிக்கு யாரும் வரவில்லை. ஏதோ தவறு நடந்துவிட்டதாக இங்கிலீஷில் பூசி மெழுகினார்.

"பொய்னு சொன்னாங்க, சார்" என்றார் நர்ஸ்.

கழுத்தெல்லாம் வியர்க்க, மறுபடி சரியாகச் சொன்னார். டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். கையெழுத்து வாங்கினார். இனி நோயாளியோடு மட்டும்தான் பேச்சு, கணவர் வெளியே இருக்கலாம் என்றார். அதையும் அவரேதான் எனக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அவர் எழுந்து வெளியே போனபோது எனக்கு வந்த சந்தோஷம், உடம்பு குணமானபோதுகூட வரவில்லை. அதற்காக நான் வெட்கப்படவும் இல்லை.