காதர் பாயின் நல்லி எலும்பு

“டாக்டரம்மா, அத்தா மவுத்தாயிட்டாங்க” என்று காதர் பாயின் மகள் போனில் சொன்னபோது, ஜெல் இறுகும் நேரத்தை அளந்துகொண்டிருந்தேன். ஸ்டாப்வாட்சை நிறுத்தத் தோன்றவில்லை. அன்றைய அளவீடு வீணாகிவிட்டது. பாய் இருந்திருந்தால் திட்டியிருப்பார்.

தட்டாஞ்சாவடியில் இருக்கும் எங்கள் சிறிய ஆய்வுக்கூடத்தில் அவர் டெக்னீஷியன். கூடாமல் நிற்கும் எலும்பு முறிவுக்குள், எலும்பை வளர்க்கும் மருந்தை ஊசி வழியாகக் கொண்டுபோகும் ஜெல்லைச் செய்கிறோம். அது ஊசியில் தண்ணீராக ஓட வேண்டும். உடம்புச் சூட்டில் இறுகி, மருந்தை மெல்ல மெல்ல விட வேண்டும். எங்கள் ஜெல்லோ கரண்ட் போன மத்தியானங்களில் ஊசிக்குள்ளேயே இறுகிவிடும்.

“ஒடம்பு எது, ரூம் எதுன்னு அதுக்கே தெரியலீங்க” என்பார் பாய். எனக்குத் தரும் மரியாதையை என் ஜெல்லுக்குத் தர மாட்டார்.

அப்படியிருக்கையில்தான் மதிப்பீட்டுக் குழு வரப்போவதாகத் தகவல் வந்தது. இறுகிய ஜெல் எலும்பைவிட்டுக் கசிந்தால் திட்டத்தை மூடிவிடுவார்கள், நாங்கள் இருவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பாய் கறிக்கடையில் நல்லி எலும்பு வாங்கி, மருந்துக்குப் பதில் நீலச் சாயம் கலந்த ஜெல்லை உள்ளே ஏற்றி, இறுக வைத்தார். எங்கள் ஃப்ரிட்ஜ் பழுதானதால் உப்பளம் பகுதியில் இருக்கும் தம் வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்க எடுத்துப்போனார். மறுநாள் டிபன் கேரியருடன் வந்தார்.

“எலும்பு எங்க பாய்?”

“இதுலதாங்க. எம் வீட்டுக்காரி ஜமீலா தெரியாம சூப்பு வச்சிட்டா. மூணு விசிலு.”

கேரியரைப் பிடுங்கித் திறந்தேன்.

“திட்டுறத அப்பறம் திட்டுங்க. மொதல்ல சூப்பப் பாருங்க. நீலம் எறங்கியிருக்கா? அவளும் எலும்பத் தட்டுல தட்டித் தட்டிப் பாத்தா. ஒண்ணும் வெளிய வரல.”

அதற்குள் குழு உள்ளே வந்துவிட்டது. தலைவர் எலும்பை முகர்ந்து, “மிளகு வாசனை வருதே?” என்றார். நான் ஒரு பொய்யைத் தயார் செய்வதற்குள் பாய் முழு உண்மையையும் சொல்லிவிட்டார். அந்த மனிதருக்குப் பொய் சொல்லவே வராது. அன்று அதற்காக அவரை வெறுத்தேன். எலும்பை அறுத்துப் பார்த்தார்கள். நீலம் அத்தனையும் உள்ளேயே இருந்தது.

“குக்கர் விசிலை நான் ரிப்போர்ட்ல எழுத முடியாது. ஆறு மாசம் தரேன், முறையா செஞ்சு காட்டுங்க” என்றார் தலைவர்.

ஆறு மாதமும் பாய் எனக்கு முன்பே வந்து, எலும்புகள் கிடந்த வெந்நீர்த் தொட்டியின் சூட்டைப் பார்த்துக் குறித்துவைத்தார். கெடு முடிய ஒரு வாரம் இருக்கையில் மாரடைப்பு வந்து போய்விட்டார். மீதி வாரத்தை அவர் நோட்டைப் பார்த்துப் பார்த்து நான் தனியாக முடித்தேன்.

நேற்று குழு அடுத்த கட்டத்துக்கு அனுமதி தந்தது. நேராக உப்பளம் போய் ஜமீலா அக்காவிடம் சொன்னேன்.

“அப்ப என் சூப்பு பாஸாங்க?” என்றார். இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவர், “இத அவருகிட்ட யாருங்க சொல்றது?” என்றார்.

நான் சொல்கிறேன் அக்கா. பாய், தேறிவிட்டோம். போய் வாருங்கள்.