நான் லோயர் இல்லை

டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊரில் காற்றாலைத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். படித்தது இரசாயனவியல். நாற்பதை நெருங்கும்போது சட்டம் படிக்கப் போனேன். வேறு துறைப் பட்டதாரிகளுக்கான பகுதிநேரப் படிப்பு அது. முடித்தாலும் வழக்கறிஞர் ஆக முடியாது. முதல் வகுப்பிலேயே அதைச் சொல்லிவிட்டார்கள். நானும் அப்பாவுக்கு விளக்கமாகச் சொன்னேன்.

"ஓம், விளங்குது," என்றார். ஆனால் ஹொல்ஸ்டெப்ரோவில் நடந்த ஒரு கலியாணத்தில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "மகள் இப்ப லோயர்," என்றார்.

"இல்லையப்பா," என்றேன். அடக்கத்தில் சொல்கிறேன் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அங்கே இருந்த ஒரு அக்கா மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்து முதுகு நோவால் வீட்டோடு இருப்பவர். நகரசபை மாதாமாதம் கொடுத்துவந்த சுகவீனக் கொடுப்பனவை நிறுத்துவது பற்றிக் கதைக்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நான் லோயர் இல்லை அக்கா. துணைக்கு எண்டால் வாறன்."

"நீர் பக்கத்தில இருந்தாலே காணும் பிள்ளை."

நகரசபை அதிகாரி நான் யார் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா டெனிஷில், "என்னுடைய வழக்கறிஞர்," என்று சொல்லிவிட்டார். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து, எந்தச் சட்ட அலுவலகம் என்று கேட்டார்.

இல்லை, நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள், சட்டம் இப்போதுதான் படிக்கிறேன் என்றேன். காது இரண்டும் சுட்டன. "பரவாயில்லை, துணைக்கும் ஆள் வேண்டும்தானே," என்றார் அவர் கனிவாக. அந்தக் கனிவைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. அக்கா என்னைப் பார்க்காமல் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

முடிவெடுக்கும் முன் அக்காவின் மருத்துவரிடம் புதிய அறிக்கை கேட்கும்படி அதிகாரியிடம் சொல்லலாம் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் படித்ததுதான். ஆனால் 'இவள் யார் இதைச் சொல்ல' என்று நினைப்பார்களோ என்று நா எழவில்லை. அக்கா தட்டுத்தடுமாறி, தனியாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரில் ஏறிய பிறகுதான் அதைச் சொன்னேன்.

"உள்ளுக்க சொல்லியிருக்கலாமே பிள்ளை," என்றார்.

சில மாதங்களுக்குப் பின் கடையில் அவரைச் சந்தித்தேன். அந்தச் சந்திப்புக்குப் பிறகு நிறுத்தியிருந்த கொடுப்பனவு திரும்பக் கிடைத்துவிட்டதாம்.

"தொழிற்சங்கத்தால ஒரு லோயரை அனுப்பினவை. அவர் வடிவாக் கதைச்சார்."

"சந்தோஷம் அக்கா," என்றேன். மெய்யாகவே சந்தோஷம்தான். ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், வாங்க வந்ததை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.