ஆற்றுக் கப்பலிலும் விசா கேட்டார்கள்

"…ஆத்திலை போற கப்பலுக்கு ஆர் விசா கேக்கப் போறான்? பேசாமல் வா தங்கச்சி!" என்றார், பிரிட்டனின் மனோர் பார்க்கில் எங்கள் குழுவின் சுற்றுலாவை ஒழுங்கு செய்த குகன் அண்ணை. மற்றவர்களிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். என்னிடம் அகதிகளுக்கான பயணப் புத்தகம். இப்போதென்றால் வழியிலுள்ள ஒவ்வொரு நாட்டுத் தூதரகத்துக்கும் நானே போன் பண்ணிக் கேட்பேன். ஹங்கேரிக்குத் தனி விசா வேண்டியிருந்த அந்தக் காலத்தில் அவரை நம்பி, ஆஸ்திரிய விசாவோடு மட்டும் வியன்னாவில் ஹங்கேரி போகும் கப்பலேறினேன்.

ஹங்கேரி எல்லையில் ஏறிய அதிகாரி என் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "விசா இல்லை. இறங்கு!" என்று கத்தினான்.

"இதுகளையெல்லாம் ஏன் ஏற்றுகிறார்கள்?" என்றாள் பின்னால் நின்ற வெள்ளைக்காரி.

"அண்ணை, ஒருக்காச் சொல்லுங்கோவன்!" என்று கெஞ்சினேன்.

"உங்களோடு வந்தவளா?" என்று அதிகாரி குகன் அண்ணையிடம் கேட்டான்.

என்னைப் பையோடு கரையில் இறக்கும்போது திரும்பிப் பார்த்தேன். குகன் அண்ணை தன் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு வரிசையில் போய் நின்றார்.