கூரைக்கு மேல் தேயிலை

மலையிலிருந்து கிளிநொச்சிக்கு வந்த மாமா மகன், கைப்பருமனான ஒரு கிளையை அம்மாவிடம் நீட்டினான். அதில் வெள்ளைப் பூக்கள். நான் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன். பச்சை வாசம் தலைக்குள் ஏறியது.

கிளிநொச்சிக்கு வருமுன் நாங்கள் மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். மாலையில் வாசலில் நின்றால் சரிவு முழுக்கத் தேயிலை. செடிகள் இடுப்பளவுதான், அதற்கு மேல் ஆட்கள் தெரிவார்கள். சிவப்புத் துணி கட்டிய தலை அம்மாவுடையது. நான் கத்திக் கூப்பிட்டால் கையசைப்பார். வீட்டுக்கு வந்து என் கன்னத்தைத் தடவும் அந்தக் கையில் இதே வாசம்தான்.

"இது என்ன மரம்டா?" என்றார், கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொழுந்து பறித்த அம்மா.

"தேயிலதான் அத்தை. பறிக்க ஆளில்ல. லயத்துல எல்லாரும் கொழும்புக்குப் போயிட்டாங்க. கூரைக்கு மேல வளந்துருச்சு."

"உண்மையாவோ?" என்றேன்.

அவன் போனில் படத்தைக் காட்டினான். எங்கள் பழைய லயத்து வாசலில் நின்று எடுத்ததாம். ஒரே இருட்டுக் காடு. அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்குள்ள நின்னு நான் கையக் காட்டியிருந்தா, உனக்குத் தெரிஞ்சே இருக்காதே, புள்ள."