ஒரே மையில் நாற்பது டிக்

போன வாரம் திருப்பதியில் மகன் வீட்டில் குறுக்கெழுத்துக்குப் பென்சில் தேடி, ஏழாவது படிக்கும் பேத்தியின் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். பாகைமானிக்கு அடியில் மூன்று நீல மாத்திரைகள். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒன்று கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை. மருமகளின் போனிலோ மூன்று வாரமும் செய்தி வந்திருக்கிறது, குழந்தை மாத்திரை சாப்பிட்டுவிட்டாள் என்று. பிழையே இல்லாத எதையும் நான் நம்புவதில்லை. சுகாதாரத் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குச் சந்தேகம் ரத்த அழுத்தம் மாதிரி, கூடவே இருக்கும்.

ஒன்றை முகர்ந்து பார்த்தேன். ஈர ஆணியின் வாடை. வாடைக்குப் பின்னாலேயே ராஜேஸ்வரி நினைவுக்கு வந்துவிட்டாள்.

நான் வேலையில் இருந்த காலத்தில் நகரிப் பக்கம் விசைத்தறித் தெருக்களுக்கு அவள்தான் ஆஷா என்கிற சுகாதாரப் பணியாளர். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்து, விழுங்கியதும் பதிவேட்டில் டிக் போட வேண்டும். அவள் பதிவேட்டில் ஒரு பிள்ளைகூட விடுபடவில்லை. நாற்பது டிக்கும் ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் உட்கார்ந்து போட்டவை. மாத்திரை சாக்கடையில், டிக் காகிதத்தில் என்று முடிவு கட்டினேன். அவளை நீக்கச் சொல்லும் குறிப்பை டைப் அடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் சித்தூரில் பஸ் ஏறினேன். துப்பறியும் நிபுணர் என்ற நினைப்பு. இறங்கும்போது குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

தறிச் சத்தத்துக்கு மேலே அவள் குரல்தான் முதலில் கேட்டது. ஒரு வீட்டு வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

“யக்கா, உம் பொண்ணுக்குக் கறுப்பா போச்சா?”

உள்ளேயிருந்து தாய், “இல்லியே. எப்பவும்போலதான் போய்க்கினு கீது” என்றாள்.

இரும்பு உள்ளே போனால் மலம் கறுக்கும். எனக்கும் தெரிந்ததுதான். எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லாததால் கேட்கத் தோன்றியதில்லை.

“அப்போ எங் கண்ணு முன்னாடி முழுங்குனது பொய்யி. நாக்குக்கு அடில வெச்சிக்கினு எனக்கே டிமிக்கியா?”

“வயித்தப் பெரட்டுதுக்கா” என்றது கதவுக்குப் பின்னாலிருந்த பெண்.

“போன வாரம் பிரேயர்ல மயங்கி வுழுந்தது நீயா, நானா? மொதல்ல சோறு துன்னு. நான் இங்கியே குந்திக்கினு கீறேன்.”

அப்புறம்தான் ராஜேஸ்வரி என்னைப் பார்த்தாள். “இன்னா சார், டிக்குக்காக வந்தீங்களா? கையில குடுத்தது நெசம். உள்ள போச்சான்னு ரெண்டு நாள் கழிச்சி அம்மாங்களக் கேட்டாதான் தெரியும். எல்லாருக்கும் கறுத்தப்புறம் ஒட்டுக்கா போடறேன்.”

அதையும் நம்பாமல் பக்கத்து வீட்டில் விசாரித்தேன். “கறுப்புதான் சாமி. போய்ப் பாக்கறியா?” என்றாள் அந்த அம்மாள்.

குறிப்பைக் கிழித்துப் போட்டேன். அத்தோடு திரும்பியிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதினேன்: ‘கொடுத்த உடனே குறிக்க வேண்டும். தாமதம் கூடாது.’

“சரிங்க சார்” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த மாதம் டிக்குகள் மை மாறி, சாய்வு மாறி, நாணயமாக இருந்தன. திருப்தியாகக் கையெழுத்துப் போட்டேன். டிக் விழுந்த பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்க அவளுக்கு வேலை இல்லை என்பது, அந்தப் பெண் மறுபடியும் பிரேயரில் விழுந்தாள் என்று கேள்விப்பட்டபோதுதான் உறைத்தது.

இப்போது பதிவேடே இல்லை. கொடுத்த நொடியே போனில் ஏறிவிடுகிறது. என் சிவப்பு வரி ஜெயித்துவிட்டது.

நேற்று மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மருமகளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “ஏம்மா, பாப்பாவுக்குக் கறுப்பா போவுதா?”

என் கையைக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: “இன்னா மாமா கேக்கறீங்க? அதான் மெசேஜ் வந்துடுச்சே.”