குடலில் ஒட்டிய மருந்து

கல்யாணமான மூன்றாம் மாதம், என் புருஷனுக்கு நான் மருந்து வைத்துவிட்டதாகப் பேச்சு வந்தது. மருந்து என்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பது அல்ல. புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ளச் சோற்றில் கலந்து கொடுப்பது. அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளையே உருக்கிவிடுமாம். எழுபதுகளின் கடைசியில் தேனி கடைவீதியில் பாதி வயிற்றுவலிக்கு இதுதான் காரணம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மதுரையில் மூன்று வருஷம் விலங்கியல் படித்தவள் நான். அதோடு, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிற ஆளுக்கு மருந்து எதற்கு?

நடந்தது இவ்வளவுதான். வீரபாண்டித் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டு அவர் கையில் காப்புக் கட்டியிருந்தார். விரதம் முடிகிறவரை கவிச்சி ஆகாது. நான் நாலு நாள் வருசநாட்டில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தேன். மத்தியானம் கத்தரிக்காய் சாம்பார் வைத்தேன். அவர் சாப்பிட்டுக் கை கழுவி அரைமணி ஆகியிருக்காது, கொல்லைப்பக்கம் ஓடினார். சாயங்காலத்துக்குள் ஏழெட்டுத் தடவை. காய்ச்சல் வேறு.

மாமியாருக்கு அன்று விரதம், ராத்திரி ஒருவேளைதான் சாப்பாடு; சாம்பாரைத் தொடவில்லை. நான்தான் மருந்து வைத்துவிட்டேன் என்று ஆரம்பித்தார். நானும் அதைத்தானே தின்றேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அவரிடம் கேட்டேன்.

"வச்சவளுக்கு எப்புடி ஒட்டும்?" என்றார் மாமியார். "இனிமே இவ கையால இந்த வீட்டுல யாரும் பச்சத்தண்ணி குடிக்கக் கூடாது."

உப்பும் சீனியும் கலந்து நான் நீட்டிய தண்ணீரையும் வாங்கி முற்றத்தில் கொட்டினார். அடுப்படியிலிருந்து விரட்டப்பட்டவள் என்ற பெயரோடு வருசநாட்டுக்கு பஸ் ஏற வேண்டியதுதான் என்று பயந்துபோனேன். அழுகையாக வந்தது.

மறுநாள் காலை, மருந்து எடுக்கிற பெரியவரை அழைத்து வந்தார்கள். அவர் என் புருஷனைப் பாயில் படுக்கவைத்து, வயிற்றில் ஒரு குழலை வைத்து, கன்னம் ஒட்ட உறிஞ்சி, வாழையிலையில் துப்பினார். மஞ்சளாக ஓர் உருண்டை. அதில் பாக்கு நார் ஒட்டியிருந்தது எனக்கு நன்றாகவே தெரிந்தது. குடலுக்குள் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவர் யார் என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு வேறு ஒன்றைக் கேட்டேன்.

"ஐயா, சோத்துல வச்ச மருந்து தின்ன ஒடனே ஒட்டிக்கிருமா?"

"அதெப்புடி ஆத்தா? எரப்பையில இருந்து எறங்கணும், கொடலுக்குப் போகணும், எடம் பாத்து ஒட்டணும். அரை நாளோ ஒரு நாளோ ஆகத்தான செய்யும்."

எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. எங்கள் கல்லூரி டீச்சர் சொன்ன பாடமும் கிட்டத்தட்ட அதுதான். கெட்டுப்போன கறியில் பெருகிய கிருமி இரைப்பையின் அமிலத்துக்குத் தப்பிக் குடலுக்குள் இறங்கும். குடலின் உட்சுவரில் திருவிழாக் கூட்டம்போல் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற செல்களில் ஒன்றைப் பற்றிக்கொள்ளும். அந்த செல்லும் ஏமாந்து கிருமியை உள்ளே விட்டுவிடும். அப்புறம் புண், காய்ச்சல். தண்ணீரை உறிஞ்ச வேண்டிய சுவர் தண்ணீரைக் கொட்ட ஆரம்பிக்கும். இத்தனையும் அரைமணியில் நடக்காது. அவர் ஓடியபோது என் சாம்பார் இரைப்பையைக்கூடத் தாண்டியிருக்காது.

இதையெல்லாம் நான் சொல்லியிருந்தால் படித்த திமிர் என்றிருப்பார்கள். பெரியவர் சொன்னதால் மாமியார் விரல் மடக்கி யோசித்தார்.

"இவ நேத்துக் காலையிலதான வந்தா," என்றவர் மகன் பக்கம் திரும்பினார். "ஏலே, முந்தாநேத்து எங்கன தின்ன?"

என் புருஷன் விட்டத்தைப் பார்த்தார். காப்புக் கட்டிய மணிக்கட்டை மற்றக் கையால் மூடிக்கொண்டார்.

"கம்பத்துல. நம்ம பழக்கடைக்குத் திராட்சை வாங்கப் போனப்ப."

"என்ன தின்ன?"

"கோழி," என்றார் சுவர்ப்பக்கம் திரும்பி. "மத்தியானம் வச்ச கொழம்பாம். சாயந்தரம் ஆறிப்போயித்தான் போட்டாக."

பெரியவர் உருண்டையை இலையோடு சுருட்டிக்கொண்டு நழுவிவிட்டார். மாமியார் மகனைத் திட்டிய திட்டு அச்சில் ஏறாது. விரதத்தைக் கெடுத்ததற்குப் பாதி, பெண்டாட்டி பழி சுமக்கையில் வாயைத் திறக்காமல் கிடந்ததற்குப் பாதி. இரண்டாவது பாதியைத்தான் நான் ரசித்துக் கேட்டேன்.

அன்று மத்தியானமும் வீம்புக்கு அதே கத்தரிக்காய் சாம்பார்தான் வைத்தேன். அவர் மூலையில் உட்கார்ந்து நான் கலந்து கொடுத்த உப்புத் தண்ணீரைச் சத்தம் காட்டாமல் குடித்தார். மாமியார் தானே மணையைப் போட்டு உட்கார்ந்து தட்டை நீட்டினார். மன்னிப்பு, கின்னிப்பு ஒன்றும் கிடையாது. இரண்டாம் முறை சாம்பாரை ஊற்றும்போது கேட்டேன்.

"நல்லாருக்கா அத்தை?"

தட்டை வழித்து நக்கிவிட்டு மாமியார் சொன்னார்: "நாளைக்கு இந்நேரம் சொல்றேன்."