கல்சியக் குளிசை

கடல் வந்துபோன ஆறாம் மாதம் தங்கச்சியின் முகம் கோணிப்போனது. அப்போது அவளுக்கு ஏழு மாத வயிறு. வாப்பா எங்கள் இரண்டு பேருக்கும் சீதனமாகக் கட்டித் தந்த வீடுகளைக் கடல் கொண்டுபோய்விட்டதால், கல்முனையில் ஒரு தகரக் கொட்டிலில் எல்லாரும் ஒன்றாகக் கிடந்தோம். காலையில் வாய் கொப்பளித்தவளுக்கு ஒரு பக்கத்தால் தண்ணீர் வழிந்தது. வலது கண் மூடவே இல்லை. "ராத்தா, எனக்கு என்ன நடந்த?" என்று என் கையைப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். முகத்து நரம்பில் வீக்கம், பத்து நாளைக்குக் குளிசை குடிக்க வேண்டும், சுணங்கினால் கோணல் நின்றுவிடும் என்றார் டொக்டர். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். அதை மட்டும் நான் நம்பவில்லை. என் ஒரே மகனைக் கடலுக்குக் கொடுத்திருந்தேன். எனக்கு அந்த வயிற்றுப் பிள்ளை வேண்டும், தங்கச்சியின் முகம் எப்படிப் போனாலும் போகட்டும். இதை இப்படிப் பச்சையாக எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

குளிசைகளை மண்ணில் புதைத்தேன். அவை இருந்த உறைக்குள் கர்ப்பிணிக் கிளினிக்கில் தரும் வெள்ளைக் கல்சியக் குளிசைகளைப் போட்டேன். இரண்டையும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன் என்பதால் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. நேரம் தவறாமல் என் கையாலேயே கொடுத்தேன். பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தேன், மூடாத கண்ணுக்கு மருந்து விட்டேன். "ராத்தா எண்டா இப்பிடியெலுவா இரிக்கணும்" என்று அயலெல்லாம் மெச்சியது. வெட்கங்கெட்டவள், எனக்கு அது கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பெண்பிள்ளை, சுகமாகப் பிறந்தாள். தங்கச்சியின் முகம் நேராகவில்லை. சிரிப்பு வந்தால் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

நாட்டில் சண்டை முடிந்த வருஷம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் இதே முகக்கோணல் வருத்தம் வந்தது. அவளும் பிள்ளைத்தாய்ச்சி. ஆறுதல் சொல்லத் தங்கச்சி ஓடினாள். பின்னால் போன நான் வாசலில் நின்றபடி கேட்டேன். "நான் ஒரு குளிசையும் உடாமக் குடிச்ச புள்ள. ராத்தாதான் தந்த. வருத்தம் கேக்கல்ல. வீணா நீ வயித்துப் புள்ளக்கி மருந்து குடுக்காத."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஊரில் வாய்க்குப் பேர்போன எனக்கு வந்ததெல்லாம், "எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல புள்ள, நீ குடி" என்பதுதான். அந்தப் பெண் தயங்கினாள். பத்து நாளும் நானே போய், பக்கத்தில் நின்று குடிக்க வைத்தேன்.

ஒரு மாதத்தில் அவள் முகம் பழையபடி ஆனது. தங்கச்சி போய்ப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத்தான் வந்தாள்.

"அவக்கு அல்லா நாடியிரிக்கான் ராத்தா. எனக்கு நாடல்ல, அவ்வளவுதான்."

நான் செய்ததை அல்லாஹ் செய்ததாக நம்பிக்கொண்டு என் முன்னால் நின்றாள். "ஓம் புள்ள" என்றேன்.